தனி ஊசல் சோதனைக்கு ரெக்கார்டு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் தனி ஊசல் வந்துவிடும். ஒரு நூல், ஒரு உலோகக் குண்டு, ஒரு நிறுத்து கடிகாரம், இதை வைத்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சோதனை எளிது, ஆனால் அதற்கு ரெக்கார்டு எழுதும்போது பெரும்பாலான மாணவர்கள் போன வருடத்து அண்ணனோ அக்காவோ எழுதிய நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நோக்கம் முதல் முடிவு வரை அப்படியே இறக்கி, ரீடிங்கை மட்டும் புள்ளிக்குப் பிறகு கொஞ்சம் மாற்றி, புத்தகத்தில் உள்ள 9.8 மீ/வி² வருகிற மாதிரி செய்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் ஒரு நாள் மாலை மிச்சமாகும், ஆனால் அந்தச் சோதனையில் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவோ அது முழுவதும் போய்விடும்.

இந்த வழிகாட்டி உங்கள் சொந்த ரீடிங்கை வைத்து, உங்களுக்கே புரிகிற மாதிரி, ஆசிரியர் கேள்வி கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்கிற மாதிரி எழுதுவதற்கு. தனி ஊசலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேறு சோதனைகளுக்கு என்ன மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ரெக்கார்டில் இருக்கும் வரிசை வேறு, அதை எழுத வேண்டிய வரிசை வேறு. நோட்டில் நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, காட்சிப் பதிவுகள், கணக்கீடு, முடிவு என்று போகும். ஆனால் நோக்கத்தில் தொடங்கி எழுதிக்கொண்டே போனால், நடந்தது என்ன என்று யோசிக்காமலேயே பாதி நோட்டு நிரம்பிவிடும். அட்டவணையில் தொடங்குங்கள், கணக்கீடு, வரைபடம் எல்லாம் முடித்துவிட்டு அப்புறம் செய்முறைக்கு வாருங்கள். நோக்கத்தைக் கடைசியில் எழுதினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 1: ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே அட்டவணை

முந்தின நாள் இரவே அப்சர்வேஷன் நோட்டில் (ஆய்வகத்திலேயே ரீடிங் எழுதும் நோட்டு) காலி அட்டவணையை வரைந்துவிடுங்கள். அட்டவணை வரையும்போதுதான் எதை எதை அளக்க வேண்டும் என்பது தெரியவரும். தனி ஊசலுக்கு இரண்டு அட்டவணை வேண்டும்.

முதலாவது, வெர்னியர் அளவியால் குண்டின் விட்டம் அளப்பதற்கு: முதன்மைக்கோல் அளவு, வெர்னியர் ஒன்றிப்பு (முதன்மைக்கோலின் ஒரு கோட்டோடு நேராக நிற்கும் வெர்னியர் கோட்டின் எண்), விட்டம். அட்டவணைக்கு மேலே மீச்சிற்றளவு (கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ என்றும், சுழிப்பிழை (அளவியை மூடும்போது சுழி காட்டாமல் விலகி நிற்கும் அளவு) எவ்வளவு என்றும் எழுத இடம் விடுங்கள். சுழிப்பிழை இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள், காலியாக விட்டால் பார்த்தீர்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, ஊசலுக்கு: ஊசலின் நீளம் (எல்), 20 அலைவுகளுக்கான நேரம் (முதல் முறை, இரண்டாம் முறை, சராசரி; குண்டு ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஒரு அலைவு), அலைவுக்காலம், அதாவது ஒரு அலைவுக்கான நேரம் (டி), அதன் வர்க்கம் (டி²), எல்/டி². ஒவ்வொரு தலைப்பின் கீழும் அலகு. அலகைத் தலைப்பிலேயே போட்டுவிட்டால் கட்டத்துக்குள் எண் மட்டும் போதும்.

படி 2: ரீடிங் எடுக்கும் நேரம்

பேனாவால் எழுதுங்கள். அப்சர்வேஷன் நோட்டில் பென்சில் வேண்டாம். தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், அடித்த எண் படிக்கும்படியே இருக்கட்டும். பிறகு கணக்குப் போடும்போது அந்த அடித்த எண்தான் சரி என்று தெரியவருவதும் உண்டு. வெள்ளை மை பூசிவிட்டால் திரும்பப் பார்க்க வழியில்லை. கையில் எழுதிக்கொள்வது, கிழிந்த தாளில் குறித்துக்கொள்வது, தோழியின் நோட்டிலிருந்து அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவது, மூன்றும் கூடாது.

நீளம் என்பது நூலைப் பிடித்திருக்கும் பிளவுபட்ட தக்கையின் அடியிலிருந்து குண்டின் மையம் வரை. குண்டின் மேற்பரப்பு வரைதான் அளவுகோலால் அளக்க முடியும் என்பதால் (கொக்கி இருந்தால் அதையும் சேர்த்து), குண்டின் ஆரத்தை அப்புறம் கூட்ட வேண்டும். உதாரணமாக முதன்மைக்கோல் அளவு 1.9 செ.மீ, வெர்னியர் ஒன்றிப்பு 8 என்றால் விட்டம் 1.98 செ.மீ, ஆரம் 0.99 செ.மீ. நூலைக் குண்டின் மேற்பரப்பு வரை 79.0 செ.மீ வைத்தால் ஊசலின் நீளம் 80.0 செ.மீ. இந்த ஒரு சென்டிமீட்டரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பின்னால் காட்டுகிறேன், அது சுவையான விஷயம்.

குண்டைச் சிறிதாக மட்டும் இழுத்து விடுங்கள். நாம் பயன்படுத்தும் சூத்திரம் சிறிய கோணத்துக்குத்தான் பொருந்தும். 10 டிகிரி வரை இழுத்தால் அலைவுக்காலத்தில் வரும் வித்தியாசம் 0.2 சதவீதம்தான், நம் கடிகாரத்துக்கு அது தெரியாது. 30 டிகிரி இழுத்தால் 1.7 சதவீதம் கூடிவிடும். நேரம் வர்க்கமாக வருவதால் கடைசி விடை ஏறக்குறைய 3.4 சதவீதம் குறைந்து 9.45 பக்கம் போய் நிற்கும். இழுத்து விடும்போது பக்கவாட்டில் தள்ளிவிடாதீர்கள், குண்டு வட்டமடிக்க ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

எண்ணுவது. இங்கேதான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். கடிகாரத்தை அழுத்தும் கணத்தில் ‘ஒன்று’ என்று சொல்லக்கூடாது, ‘சுழி’ என்று சொல்ல வேண்டும். குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போது தொடங்குங்கள், ஏனென்றால் அங்கேதான் அது வேகமாகப் போகிறது, கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் குண்டு நின்று திரும்புகிற இடத்தில் எப்போது திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதே திசையில் மறுபடி நடுப்புள்ளியைக் கடந்தால் ‘ஒன்று’. எதிர்த்திசையில் கடப்பதை எண்ணக்கூடாது.

20 அலைவு எதற்கு, ஒரு அலைவை அளந்தால் போதாதா? கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சுமார் 0.2 விநாடி போய்விடும். 80 செ.மீ ஊசல் ஒரு முறை ஆட ஏறக்குறைய 1.8 விநாடி. ஒரே அலைவை அளந்தால் 1.8-இல் 0.2 பிழை, அதாவது 11 சதவீதம், வர்க்கம் எடுத்தால் 22 சதவீதம். 20 அலைவு என்றால் அதே 0.2 விநாடி 36 விநாடிக்கு நடுவே வருகிறது, அரை சதவீதத்துக்குச் சற்று மேல், வர்க்கத்தில் 1.1 சதவீதம். விரலின் வேகம் மாறவே இல்லை, அளக்கும் முறையால் மட்டும் பிழை 20-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இந்தக் கணக்கை ரெக்கார்டில் நான்கு வரியில் எழுதிப் பாருங்கள், ஆசிரியர் கட்டாயம் நின்று படிப்பார்.

இரண்டு முறை எடுத்த நேரங்களுக்கு நடுவே வித்தியாசம் அரை விநாடிக்கு மேல் இருந்தால் மூன்றாவது முறை எடுங்கள். அங்கேயே எடுங்கள், வீட்டுக்கு வந்தபின் ஊசல் கிடைக்காது.

படி 3: கணக்கீடு

இப்போது கையில் எண்கள் இருக்கின்றன. விளக்கத்துக்காக மூன்று நீளங்களுக்கு நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. நீங்கள் ஐந்தாறு நீளங்களுக்காவது எடுங்கள்.

60.0 செ.மீ: 31.1, 31.3 விநாடி, சராசரி 31.2, டி 1.560; டி² 2.434, எல்/டி² 0.2465
80.0 செ.மீ: 35.8, 36.0 விநாடி, சராசரி 35.9, டி 1.795, டி² 3.222, எல்/டி² 0.2483
100.0 செ.மீ: 40.2, 40.4 விநாடி; சராசரி 40.3, டி 2.015, டி² 4.060, எல்/டி² 0.2463

எல்/டி² கணக்கிடும்போது நீளத்தை மீட்டருக்கு மாற்றியிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். மூன்றின் சராசரி 0.2470. சூத்திரம் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்):

ஜி = 4 பை² × (எல்/டி²)

4 பை² என்பது 39.48. ஆக 39.48 × 0.2470 = 9.75 மீ/வி².

ரெக்கார்டில் ஒரு நீளத்துக்காவது முழுக் கணக்கையும் படிப்படியாகக் காட்டுங்கள்: சூத்திரம், எண்களை இட்ட வரி, விடை, அலகு. மற்றவற்றுக்கு அட்டவணையில் விடை மட்டும் போதும். கால்குலேட்டர் 9.75156 என்று நீட்டிக்கொண்டே போகும், அத்தனையையும் எழுதாதீர்கள். நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை, மூன்று முக்கிய எண்ணுருக்களுக்குத்தான் அளந்தோம், விடையும் மூன்றில் நிற்கட்டும்.

விடை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதையும் இங்கேயே போட்டுவிடலாம். நீளத்தில் 2 மி.மீ தவறு என்று வைத்தால் 80 செ.மீ-க்கு 0.25 சதவீதம். நேரத்தால் வருவது 1.1 சதவீதம். இரண்டையும் கூட்டினால் சுமார் 1.4 சதவீதம், 9.75-இல் அது ஏறக்குறைய 0.13. ஆக விடை 9.6-க்கும் 9.9-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லலாம். பள்ளியில் இந்தக் கணக்கைக் கட்டாயமாகக் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் போடுங்கள். உங்கள் 9.75 தவறா சரியா என்று பதற்றப்படத் தேவையே இல்லாமல் போவது இந்த ஒரு வரியால்தான்.

படி 4: வரைபடம்

கிடை அச்சில் எல், நிலைக்குத்து அச்சில் டி². டி-யை அப்படியே வைத்து வரைந்தால் வளைகோடு வரும், டி² வைத்தால் நேர்கோடு வரும். அளவுத்திட்டம் தாளின் பெரும்பகுதியை நிரப்புகிற மாதிரி இருக்கட்டும், மூலையில் சின்னதாக ஒரு கோடு வேண்டாம். அச்சுகளுக்குப் பெயர், அலகு, மேலே தலைப்பு, ஓரத்தில் அளவுத்திட்டம். புள்ளிகளைக் கூர்மையான பென்சிலால் சிறு பெருக்கல் குறியாகப் போடுங்கள். கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட வேண்டியதில்லை. புள்ளிகள் கோட்டுக்கு இருபுறமும் ஏறக்குறைய சமமாகச் சிதறியிருந்தால் போதும். புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு இழுத்து இணைப்பது வரைபடமே அல்ல.

சாய்வு எடுக்க, கோட்டின் மேலேயே ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள், அட்டவணையில் உள்ள புள்ளிகளை அல்ல. அட்டவணைப் புள்ளிகளை எடுத்தால் கோடு வரைந்ததற்கே பயன் இல்லாமல் போகும். மேலே உள்ள எண்களுக்குக் கோடு வரைந்தால் 0.50 மீட்டரில் 2.02, 1.00 மீட்டரில் 4.05 என்று வரும். சாய்வு (4.05 − 2.02) ÷ 0.50 = 4.06. ஜி = 39.48 ÷ 4.06 = 9.72 மீ/வி². கணக்கீட்டில் 9.75, வரைபடத்தில் 9.72. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒன்றை மாற்றிவிடாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள்.

படி 5: விடை சரியாக வரவில்லை என்றால்

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். விடை 9.8-க்குப் பக்கத்தில் வராதபோது நோட்டை மூடிவிட்டு ரீடிங்கை ‘சரிசெய்யும்’ பழக்கம் பரவலாக இருக்கிறது. வேண்டாம். தவறான விடைக்கு ஒரு முகம் உண்டு. எண்ணைப் பார்த்தாலே எங்கே தப்பு நடந்தது என்று பல சமயம் சொல்லிவிடலாம்.

விடை 10.8 பக்கம் வந்தால், நீங்கள் பெரும்பாலும் ‘ஒன்று’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். 19 அலைவுகளை 20 என்று எண்ணியதால் அலைவுக்காலம் குறைந்துவிட்டது. 20/19-இன் வர்க்கம் 1.108, அதை 9.78-ஆல் (சென்னைக்கான மதிப்பு, பின்னால் சொல்கிறேன்) பெருக்கினால் 10.84. அதேபோல் 8.9 பக்கம் வந்தால் ஒரு அலைவு கூடுதலாகப் போய்விட்டது, 21 அலைவை 20 என்று எடுத்திருக்கிறீர்கள்.

39 வந்தால் குண்டு நடுவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணியிருக்கிறீர்கள், அரை அலைவை முழு அலைவாக எடுத்திருக்கிறீர்கள். அலைவுக்காலம் பாதியானால் ஜி நான்கு மடங்காகும். 978 வந்தால் சோதனையில் தவறே இல்லை, சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை, அவ்வளவுதான். 0.25 என்றால் 4 பை²-ஆல் பெருக்கவில்லை.

இன்னும் நுட்பமானது ஆரத்தை மறப்பது. ஆரம் 1 செ.மீ உள்ள குண்டு. 60 செ.மீ நூலுக்கு உண்மை நீளம் 61, நீங்கள் 60 என்று போட்டால் விடை 9.62. 100 செ.மீ நூலுக்கு உண்மை நீளம் 101, நீங்கள் 100 என்று போட்டால் 9.68. ஆக எல்லா விடையும் குறைவாக இருக்கும், நீளம் கூடக் கூட மெல்ல ஏறும். ஆரத்துக்குப் பதில் விட்டத்தைக் கூட்டிவிட்டால் இதற்கு நேர் எதிர்: எல்லாம் அதிகமாக, 60-இல் 9.94, 100-இல் 9.88 என்று மெல்ல இறங்கும். ஒழுங்கற்ற பிழை என்றால் எண்கள் மேலும் கீழுமாகச் சிதறும். இப்படி ஒரே பக்கமாகச் சாய்ந்து, நீளத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது முறையான பிழை. பாடப்புத்தகத்தில் வரையறையாகப் படித்தது உங்கள் அட்டவணையிலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

ஆரத்தை மறந்தவருடைய வரைபடத்தையும் பாருங்கள். அவருக்குக் கிடைக்கும் சாய்வு மாறவே மாறாது! எல்லாப் புள்ளிகளும் ஒரே 1 செ.மீ இடப்பக்கம் நகர்ந்திருக்கும், கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் கிடை அச்சை மைனஸ் 1 செ.மீ-இல் வெட்டும். அதாவது கணக்கீட்டில் தவறாக வந்த ஜி, வரைபடத்தில் சரியாக வந்துவிடும், மறந்த ஆரம் எவ்வளவு என்பதையும் அந்தக் கோடே சொல்லிவிடும். பள்ளித் தாளில் அந்த ஒரு சென்டிமீட்டரைத் துல்லியமாகப் படிப்பது கடினம், ஆனால் கணக்கீட்டு விடைக்கும் சாய்வு விடைக்கும் உள்ள இடைவெளி தெரியும். வரைபடம் எதற்கு, அதான் கணக்குப் போட்டாயிற்றே என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, எல்லாவற்றையும் சரிபார்த்தாயிற்று, இன்னும் எண் ஒத்துவரவில்லை. அப்போது? வந்ததை வந்தபடி எழுதுங்கள். 1672-இல் பாரிஸிலிருந்து ழான் ரிஷே என்ற வானியலாளர் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேன் என்ற ஊருக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைச் சற்றுக் குட்டையாக்கினால்தான் நேரம் சரியாக வந்தது. அவர் அதை மறைக்கவில்லை, எழுதினார். அளந்ததில்தான் தவறு என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். பின்னால் 1687-இல் நியூட்டன் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு, நிலநடுக்கோட்டுப் பக்கம் புவியீர்ப்பு குறைவு, பூமி துருவங்களில் தட்டையாக இருக்கிறது என்று வாதிட்டார். ரிஷே பாரிஸ் கணக்குக்குத் தக்கபடி எண்ணை மாற்றியிருந்தால் அது நடந்திருக்காது.

இதனால்தான் உங்கள் விடையை 9.8-உடன் மட்டும் ஒப்பிடாமல் உங்கள் ஊர் மதிப்போடு ஒப்பிடச் சொல்கிறேன். நிலநடுக்கோட்டில் கடல்மட்டத்தில் ஜி 9.78, துருவத்தில் 9.83. சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் அங்கே 9.78. இதே வேலையை இதே சென்னையில் முன்பே செய்திருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் 1821-இல் ஊசலை ஆடவிட்டு அளந்து, அந்த அறிக்கையை 1822-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். உங்கள் 9.75-ஐ 9.78-உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் 0.03, அதாவது 0.3 சதவீதம்.

படி 6: ரெக்கார்டு நோட்டில் ஏற்றுவது

நம் பள்ளிகளில் வழக்கம் இதுதான்: இடப்பக்கம் கோடில்லாத தாளில் படம், அட்டவணை, கணக்கீடு, எல்லாம் பென்சிலில். வலப்பக்கம் கோடு போட்ட தாளில் நோக்கம், கருவிகள், சூத்திரம், செய்முறை, முடிவு, பேனாவில். உங்கள் ஆசிரியர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே செய்யுங்கள், இதில் சண்டை போட ஒன்றுமில்லை. மேலே சோதனை எண், தேதி. தேதி என்பது சோதனை செய்த தேதி, ரெக்கார்டு எழுதிய தேதி அல்ல.

நோக்கம் ஒரே வாக்கியம்: ‘தனி ஊசலைப் பயன்படுத்தி, ஆய்வகம் உள்ள இடத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறிதல்.’ கருவிகள்: தாங்கி, பிளவுபட்ட தக்கை, நூல், உலோகக் குண்டு, மீட்டர் அளவுகோல், வெர்னியர் அளவி, நிறுத்து கடிகாரம். சூத்திரம் எழுதினால் அதில் வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருளும் அலகும் எழுதுங்கள்.

செய்முறையில்தான் காப்பி அடித்தது பளிச்சென்று தெரியும். கைடுகளில் ‘குண்டு அலைவுறச் செய்யப்படுகிறது, நேரம் குறிக்கப்படுகிறது’ என்று நிகழ்காலத்தில் இருக்கும், அது எப்படிச் செய்ய வேண்டும் என்ற அறிவுரை. நீங்கள் எழுதுவது நீங்கள் செய்து முடித்த வேலையைப் பற்றி, ஆகவே இறந்தகாலத்தில் எழுதுங்கள். ‘ஊசலின் நீளம் 60.0 செ.மீ-இலிருந்து 10 செ.மீ இடைவெளியில் 100.0 செ.மீ வரை மாற்றப்பட்டது. ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுகளுக்கான நேரம் இரண்டு முறை அளக்கப்பட்டது.’ இந்த இரண்டு வாக்கியங்களில் எத்தனை தகவல் இருக்கிறது பாருங்கள். எழுதி முடித்தபின் ஒரு சோதனை: சோதனையைப் பார்க்காத வேறு பிரிவு நண்பரிடம் கொடுத்து, இதை மட்டும் படித்து உன்னால் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவர் எங்கே கேள்வி கேட்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

படத்தில் நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்பதை அம்புக்குறியால் காட்டுங்கள், குண்டின் மையம் வரை. அழகாக நிழல் கொடுப்பதைவிட இது முக்கியம்.

படி 7: முடிவும் பிழை பற்றிய குறிப்பும்

முடிவில் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். கணக்கீட்டின் மூலம் 9.75 மீ/வி², வரைபடத்தின் மூலம் 9.72 மீ/வி². ‘சோதனை வெற்றிகரமாக முடிந்தது’ என்பது முடிவு அல்ல.

பிழைக்கான காரணம் கேட்டால் ‘மனிதப் பிழை’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள், அதிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. எது, எந்தப் பக்கம் இழுக்கும், எவ்வளவு, என்று மூன்றையும் சொல்லுங்கள். ‘60 செ.மீ அலைவின்போது குண்டு சற்று வட்டமாகச் சுழன்றது. இதனால் அலைவுக்காலம் குறைந்து ஜி சற்றுக் கூடியிருக்கலாம்’ என்று எழுதினால் அதில் நீங்கள் இருக்கிறீர்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததா, தாங்கி ஆடியதா, தக்கையில் நூல் நழுவியதா, எது நடந்ததோ அதை எழுதுங்கள். நடக்காததை எழுதாதீர்கள்.

வேறு சோதனைகளுக்கு

வேதியியல் உப்புப் பகுப்பாய்வில் அட்டவணை சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்தியாகப் போகும். காண்பனவில் கண்ணால் பார்த்தது மட்டும்: ‘வெண்ணிற வீழ்படிவு தோன்றியது.’ அது குளோரைடா சல்பேட்டா என்ற முடிவு அறிவனவில்தான் வர வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் எந்த இடத்தில் தவறான பாதைக்குப் போனோம் என்று திரும்பிப் பார்க்க முடியாது. வராத சோதனைகளையும் எழுதுங்கள், வீழ்படிவு தோன்றவில்லை என்பதும் ஒரு தகவல்தான். பருமனறி பகுப்பாய்வில் பியூரெட்டின் தொடக்க அளவு, இறுதி அளவு இரண்டையும் எழுதுங்கள், கழித்து வந்த விடையை மட்டும் எழுதாதீர்கள். ஒத்த அளவீடு கிடைக்கும் வரை திரும்பச் செய்ய வேண்டும், ஒத்துவராத முதல் ரீடிங்கை அழிக்கக்கூடாது. உயிரியலில் படம்தான் பெரும்பகுதி: நுண்ணோக்கியில் தெரிந்ததை வரையுங்கள், புத்தகப் படத்தை அல்ல.

ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன்

தேதி, பக்க எண், பொருளடக்கத்தில் தலைப்பு, எல்லா விடைக்கும் அலகு, அப்சர்வேஷன் நோட்டில் உள்ள எண்ணும் ரெக்கார்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, இவற்றை ஒருமுறை பாருங்கள். அந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வருடக் கடைசியில் எல்லாச் சோதனையையும் ஒரே மூச்சில் எழுதும்போது எந்த ரீடிங் எந்த நீளத்துக்கு என்பதே மறந்துபோயிருக்கும், அந்த நிலையில்தான் அண்ணனின் நோட்டைத் தேட வேண்டியதாகிறது.

வாய்மொழிக் கேள்விகளுக்கும் இந்த நோட்டு போதும். ஏன் 20 அலைவு, ஏன் சிறிய கோணம், கனமான குண்டு மாட்டினால் அலைவுக்காலம் மாறுமா (மாறாது, சூத்திரத்தில் நிறையே இல்லை), நிலவில் இந்த ஊசல் எப்படி ஆடும் (மெதுவாக, ஏனென்றால் அங்கே ஜி பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு), வரைபடம் ஏன் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை, இப்படித்தான் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு உங்கள் வரைபடத்தைத் திறந்து காட்டியே பதில் சொல்லலாம்.